அப்கிரேட் செய்த மறுநாள் ‘எஸ்ஏ’ உள்ளே விடவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து எனக்கு ஒரே மாதிரி போன்தான் வந்துகொண்டிருக்கிறது. “அண்ணே, நேத்து ஆளு வந்து கம்பியூட்டரை அப்கிரேட் பண்ணிட்டுப் போனாரு, இன்னைக்கு எஸ்ஏ பாஸ்வர்ட் தப்புங்குது, நாங்க ஒண்ணும் மாத்தலையே.” எஸ்ஏ என்பது கணக்கு மென்பொருளுக்கு அடியில் ஓடும் தரவுத்தளத்தின் தலைமை அட்மின் லாகின். பேசுவது தோட்ட ஆபீஸ் கிராணியாக (எழுத்தராக) இருக்கும், இல்லாவிட்டால் எடைப்பாலத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி, இல்லாவிட்டால் டவுனில் ஹார்ட்வேர் கடைக்காரர். மாத ஆரம்பம் என்றால் குரலில் பதற்றம் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் மலேசிய வேலைச் சட்டப்படி ஏழாம் நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும், 15ஆம் தேதிக்குள் இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதி கட்டியாக வேண்டும்.

நான் இருப்பது ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், சுங்கை சிப்புட்டில். சம்பளக் கணக்கு, எடைப்பாலம், கடைக் கணக்கு என்று நான் பார்க்கும் மென்பொருள்களில் அநேகம் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தின் மேல் ஓடுபவை, அதனால் இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. கட்டளைகளை நான் கிராணிகளுக்குப் போனில் சொல்வது போலவே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்

இரண்டு காரியம் செய்யாதீர்கள். பாஸ்வர்டை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள், எஸ்க்யூஎல் சர்வரை அன்இன்ஸ்டால் செய்து புதிதாகப் போடாதீர்கள். இரண்டாவதைச் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். கணக்கு விவரம் தப்பித்தது, ஆனால் யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியல் ‘மாஸ்டர்’ என்ற தனித் தரவுத்தளத்தில் இருப்பதால் அது போய்விட்டது, அரை மணி நேர வேலை இரண்டு நாளானது.

ஒரு காரியம் செய்யுங்கள். பின்னணியில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸை விண்டோஸின் ‘சர்வீசஸ்’ பட்டியலில் நிறுத்திவிட்டு, ‘டேட்டா’ ஃபோல்டரில் எம்டிஎஃப், எல்டிஎஃப் என்று முடியும் கோப்புகள் அத்தனையையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். சர்வீஸ் ஓடும்போது நகல் எடுக்க விடாது, விட்டாலும் அந்த நகலை நம்ப முடியாது.

அப்புறம் எரர்லாக், அதாவது சர்வர் தானே எழுதிவைக்கும் பிழைப் பதிவு. திரையில் வரும் செய்தி வேண்டுமென்றே அரைகுறையாகத்தான் இருக்கும்: பிழை எண் 18456, ஸ்டேட் 1. வெளியாள் துப்புத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று எப்போதும் 1 என்றே காட்டும். உண்மையான ஸ்டேட் எண் எரர்லாக்கில் இருக்கிறது. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர், அதற்குள் உங்கள் பதிப்பின் ஃபோல்டர் (2017 என்றால் பெயரில் 14 இருக்கும், 2019க்கு 15, 2022க்கு 16), அதற்குள் ‘எம்எஸ்எஸ்க்யூஎல்’, அதற்குள் ‘லாக்’. அங்கே ‘எரர்லாக்’ என்று வால் இல்லாத கோப்பு இருக்கும், நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஃபைல், ஓப்பன் போய், கோப்பு வகையை ‘ஆல் ஃபைல்ஸ்’ ஆக்கி அதைத் திறங்கள், கடைசி வரிகளைப் பாருங்கள். இந்த ஒரு கோப்பைத் திறக்கச் சோம்பல்பட்டுத்தான் பலர் பாஸ்வர்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். அப்கிரேட்டுக்கு அப்புறம் வரும் இந்தப் புகாரில் பாஸ்வர்ட் உண்மையிலேயே தப்பாக இருந்து நான் பார்த்தது அபூர்வம்.

## அறிகுறி: ‘சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை’, பிழை 26 அல்லது 40, ரொம்ப நேரம் சுற்றிவிட்டு நிற்கிறது

இது லாகின் பிரச்சினையே இல்லை. கதவு வரைக்கும் போகவில்லை, சாவியைக் குறை சொல்லக் கூடாது. தரவுத்தளம் இருக்கும் அதே கம்பியூட்டரில் உட்கார்ந்து முயலுங்கள். அதன் பிறகு இரண்டு கிளை.

### அதே கம்பியூட்டரிலும் வரவில்லை

சர்வீசஸ் பட்டியலைத் திறந்து ‘எஸ்க்யூஎல் சர்வர்’ என்று தொடங்கி அடைப்புக்குறிக்குள் இன்ஸ்டன்ஸ் பெயர் இருக்கும் வரியைப் பாருங்கள் (ஒரே கம்பியூட்டரில் எஸ்க்யூஎல் சர்வரை எத்தனை தடவை போட்டாலும் ஒவ்வொன்றும் ஓர் இன்ஸ்டன்ஸ்). ஓடவில்லை என்றால் ஸ்டார்ட் கொடுங்கள். கையால் கொடுத்தால் ஓடுகிறது, ஆனால் தினமும் காலையில் நின்றுபோயிருக்கிறது என்றால் அது மெதுவான இயந்திரம்: விண்டோஸ் 30 விநாடி பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடுகிறது. ஸ்டார்ட்டப் வகையை ‘ஆட்டோமேட்டிக், டிலேய்ட் ஸ்டார்ட்’ என்று மாற்றுங்கள், பெரும்பாலும் அத்தோடு தீரும்.

கையால் கொடுத்தும் ஓடவில்லையா? எரர்லாக்கில் ‘மிஸ்அலைன்ட் லாக் ஐஓ’ என்று, 256 என்ற எண்ணோடு ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தோஷப்படுங்கள், காரணம் கையில் கிடைத்துவிட்டது. எஸ்க்யூஎல் சர்வர் 512 அல்லது 4096 பைட் செக்டர் உள்ள டிஸ்கில்தான் ஓடும். என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் சில அதைவிடப் பெரிய செக்டர் கொண்டவை. விண்டோஸ் 10 அதை வெளியே சொல்லாமல் இருந்தது, விண்டோஸ் 11 உள்ளதை உள்ளபடி சொல்கிறது, அதனால் நேற்று வரை ஓடியது இன்றைக்கு நிற்கிறது. உறுதிசெய்ய, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘எஃப்எஸ்யூடில், இடைவெளி, எஃப்எஸ்இன்ஃபோ, இடைவெளி, செக்டர்இன்ஃபோ, இடைவெளி, சி, முக்காற்புள்ளி’. வரும் விடையில் ‘ஃபிசிக்கல் பைட்ஸ்’ என்று தொடங்கும் வரிகளில் 4096க்கு மேல், 8192 அல்லது 16384 என்று இருந்தால் இதுதான். தீர்வு ரெஜிஸ்ட்ரியில்: ‘எஸ்டிஓஆர்என்விஎம்இ’ சர்வீஸின் பாராமீட்டர்ஸ், அதற்குள் டிவைஸ், அங்கே ‘ஃபோர்ஸ்ட் ஃபிசிக்கல் செக்டர் சைஸ் இன் பைட்ஸ்’ என்று இடைவெளி இல்லாமல் ஒரு மல்டி ஸ்டிரிங் மதிப்பு, உள்ளே நட்சத்திரக்குறி, ஓர் இடைவெளி, 4095. ஆமாம், 4096 இல்லை, 4095தான். ரீஸ்டார்ட். ரெஜிஸ்ட்ரி என்றாலே கை நடுங்குகிறது என்றால் இந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுங்கள், தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை.

அந்த வரி இல்லை, பதிப்பும் 2012 அல்லது 2014 என்றால், பழையதை விண்டோஸ் 11க்குள் முட்டுக்கொடுத்து நிறுத்த முயலாதீர்கள். 2014க்கான ஆதரவே 2024 ஜூலையில் முடிந்துவிட்டது. மென்பொருள் விற்றவரிடம் புதிய பதிப்புக்கு மாற்றச் சொல்லுங்கள்.

### அதே கம்பியூட்டரில் வருகிறது, மற்றவற்றில் வரவில்லை

முதலில் நெட்வொர்க் வகை. அப்கிரேட் முடிந்ததும் சில சமயம் ஆபீஸ் வைஃபை ‘பப்ளிக்’ என்று மாறியிருக்கும், அப்புறம் ஃபயர்வால் யாரையும் உள்ளே விடாது. ‘பிரைவேட்’ ஆக்குங்கள். அடுத்து ‘எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர்’ என்ற சர்வீஸ் ஓடுகிறதா. இன்ஸ்டன்ஸுக்குப் பெயர் இருந்தால் அது எந்த போர்ட்டில் இருக்கிறது என்று வழி சொல்வது இந்தப் பிரவுசர்தான், அதற்கு யூடிபி 1434 திறந்திருக்க வேண்டும். அடுத்து, எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி ஐபி ‘எனேபிள்ட்’ ஆக இருக்கிறதா. எக்ஸ்பிரஸைப் புதிதாகப் போட்டால் அது அணைந்தே வரும். கடைசியாக, சர்வரின் ஐபி எண் மாறிவிட்டதா. சில மென்பொருள்களில் ஐபி எண்ணையே எழுதி வைத்திருப்பார்கள், ரௌட்டர் புது எண் கொடுத்த அன்றைக்குக் கதை முடிந்தது.

## அறிகுறி: பிழை 18456, லாகின் தோல்வி

எரர்லாக்கில் ஸ்டேட் எண் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு வாருங்கள், கிளை அதிலிருந்துதான் பிரிகிறது.

### ஸ்டேட் 8

பாஸ்வர்ட் பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்றால் நீங்கள் தட்டியது போய்ச் சேரவில்லை என்றும் இருக்கலாம். நோட்பேடைத் திறந்து பாஸ்வர்டை அங்கே தட்டிப் பாருங்கள். அப்கிரேட்டில் கீபோர்டு ‘யுனைட்டட் கிங்டம்’ என்று மாறியிருந்தால் ‘அட்’ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிப்போகும், பாஸ்வர்ட் கட்டத்தில் எல்லாம் கறுப்புப் புள்ளி, கண்ணுக்குத் தெரியாது. நம்ம ஆபீஸ்களில் இன்னொன்று: கோயில் திருவிழா நோட்டீஸ் தட்டிவிட்டுத் தமிழ் விசைப்பலகையை அப்படியே விட்டிருப்பார்கள். நம்லாக் அணைந்திருப்பதும் உண்டு. இந்த நோட்பேட் சோதனை மட்டுமே என்னைப் பல முறை பைக் எடுக்காமல் காப்பாற்றியிருக்கிறது.

நோட்பேடில் சரியாக வருகிறதென்றால், நீங்கள் போவது பழைய இன்ஸ்டன்ஸா புதியதா என்று பாருங்கள். அப்கிரேட் செய்தவர் பழையதின் பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டிருந்தால், புதியதின் எஸ்ஏவுக்கு அவர் வைத்த பாஸ்வர்ட் வேறு. அவருக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டுக் கேட்டுவிடுவது எல்லா வழியையும் விட மலிவு.

### ஸ்டேட் 5

அந்தப் பெயரில் ஆளே இல்லை. எழுத்துப்பிழை இல்லையென்றால் மறுபடி இன்ஸ்டன்ஸ் குழப்பம்தான். விண்டோஸ் பெயரில் நுழைபவர்கள் என்றால் கம்பியூட்டரின் பெயர் மாறியிருக்கிறதா பாருங்கள். பெயர் அதேதான் என்றாலும், டிஸ்கைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் அடையாள எண் வேறு, ஆக அந்த லாகின் செத்துப்போயிற்று. அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

### ஸ்டேட் 58

சர்வர் ‘விண்டோஸ் மட்டும்’ என்ற நிலையில் இருக்கிறது, எஸ்ஏ எந்த பாஸ்வர்ட் கொடுத்தாலும் நடக்காது. புதிதாகப் போடும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அமுக்கிக்கொண்டே போனால் இப்படித்தான் வரும், எஸ்ஏவும் முடங்கியே இருக்கும். மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் (எஸ்க்யூஎல் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) விண்டோஸ் வழியாக நுழைந்து, சர்வர் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அங்கே இரண்டும் கலந்த நிலையைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் எஸ்ஏவை எனேபிள் செய்து பாஸ்வர்ட் வையுங்கள். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் மாற்றம் ஏறும், இதை மறந்துவிட்டு “மாத்தியும் வரலையே” என்பவர்கள் ஏராளம்.

### ஸ்டேட் 7

முடக்கப்பட்ட லாகின், அதோடு பாஸ்வர்டும் தப்பு. வேறு அட்மின் வழியாக எனேபிள் செய்ய வேண்டும், பாஸ்வர்டையும் புதிதாக வைக்க வேண்டும்.

### ஸ்டேட் 11 அல்லது 12

விண்டோஸ் அட்மினாக இருந்தும் விடவில்லை என்றால் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவை வலது கிளிக் செய்து ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். சாதாரணமாகத் திறந்தால் உங்கள் அட்மின் அதிகாரத்தை விண்டோஸ் கழற்றி வைத்துவிடுகிறது.

### ஸ்டேட் 38 அல்லது 40

ஆள் சரி, பாஸ்வர்ட் சரி, அவர் கேட்கும் தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை. நுழையும்போது கனெக்ஷன் ப்ராப்பர்ட்டீஸில் தரவுத்தளப் பெயரை ‘மாஸ்டர்’ என்று எழுதி உள்ளே போங்கள். உங்கள் தரவுத்தளம் பட்டியலில் இல்லையென்றால் இன்னும் அட்டாச் செய்யவில்லை, அதாவது கோப்புகளை சர்வரோடு சேர்க்கவில்லை. ‘சஸ்பெக்ட்’ (கெட்டுப்போயிருக்கலாம் என்று சர்வரே சந்தேகிக்கிறது) என்று இருந்தால் கையை எடுங்கள், கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: 18486, லாகின் பூட்டிக்கொண்டது

எடைப்பாலங்களில் இது அடிக்கடி வரும், காரணம் பிடிபடுவதற்குள் தலைமுடி கொட்டிவிடும். ஒரு தடவை காலை பத்து மணிக்குப் போன். எஸ்ஏ பூட்டியிருக்கிறது, திறந்தால் வேலை செய்கிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி பூட்டிக்கொள்கிறது. வாசலில் குலை ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கின்றன. செம்பனைக் குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் தள்ளாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், அதனால் ஒவ்வொரு டிரைவரும் ஜன்னலில் வந்து எட்டிப் பார்க்கிறார். நானும் மூன்று தடவை திறந்துவிட்டேன், அறிவில்லாமல். கடைசியில் பார்த்தால் பின் அறையில் யாரும் தொடாத பழைய கம்பியூட்டர் ஒன்று, அதில் எடை மென்பொருள் ஓடிக்கொண்டே இருக்கிறது, பழைய பாஸ்வர்டை வைத்துக்கொண்டு சில விநாடிக்கு ஒரு தரம் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன், முடிந்தது.

ஏன் அப்கிரேட்டுக்கு முன் இப்படி நடக்கவில்லை என்றால், விண்டோஸ் 11 22ஹெச்2 முதல், புதிதாகப் போடும் இயந்திரங்களில் பத்துத் தப்பான முயற்சிக்கு அப்புறம் பத்து நிமிடம் பூட்டும் விதி தானாகவே வருகிறது. எஸ்க்யூஎல் லாகினில் ‘பாலிசி’ டிக் போட்டிருந்தால் அந்த விதி அதற்கும் பொருந்தும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் தட்டிக்கொண்டிருப்பது யார் என்று கண்டுபிடியுங்கள், எரர்லாக்கில் ஒவ்வொரு தோல்வி வரியின் கடைசியிலும் ‘கிளையன்ட்’ என்று ஐபி எண் இருக்கும். அதை நிறுத்துங்கள். அப்புறம் திறங்கள்: ‘ஆல்டர் லாகின் எஸ்ஏ வித் பாஸ்வர்ட்’, சமக்குறி, ஒற்றை மேற்கோளுக்குள் பாஸ்வர்ட், இடைவெளி, ‘அன்லாக்’. பாலிசி டிக்கை எடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். நான் எடுப்பதில்லை, எடை மென்பொருளுக்கு எஸ்ஏவையே கொடுத்து வைத்ததுதான் முதல் தப்பு, அதற்கென்று தனி லாகின் போட்டுக் கொடுங்கள்.

இதன் தம்பிகள் இரண்டு: 18487 என்றால் பாஸ்வர்ட் காலாவதி, 18488 என்றால் முதல் தடவை மாற்றியே ஆக வேண்டும். மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் நுழைந்தால் அதுவே மாற்றச் சொல்லிக் கேட்கும். கணக்கு மென்பொருளுக்குள்ளிருந்து மாற்ற முடியாது.

## அறிகுறி: சான்றிதழை நம்ப முடியவில்லை என்கிறது

பாஸ்வர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ 20, மென்பொருளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஓடிபிசி டிரைவர் 18 இரண்டும் பேச்சை மறையாக்கியே தீருவேன் என்பவை, உங்கள் சர்வரோ தானே எழுதிக்கொண்ட சான்றிதழை நீட்டுகிறது. ஒரே அறைக்குள் இருக்கும் சின்ன ஆபீஸ் என்றால் ‘டிரஸ்ட் சர்வர் சர்ட்டிஃபிகேட்’ டிக் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். இணையம் வழியாகக் கிளை ஆபீஸிலிருந்து நுழைபவர்கள் அப்படிச் செய்யக் கூடாது, முறையான சான்றிதழ் போட ஆள் வேண்டும்.

## அறிகுறி: எஸ்ஏ உள்ளே போகிறது, ஆனால் கிராணி போக முடியவில்லை

தரவுத்தளத்தைப் பழைய இயந்திரத்திலிருந்து பேக்கப் எடுத்துப் புதியதில் ரீஸ்டோர் செய்திருப்பார்கள். தரவுத்தளத்துக்குள் கிராணியின் பெயர் இருக்கும், மாஸ்டரில் இருக்காது, அல்லது பெயர் ஒன்றாக இருந்தும் உள் எண் வேறாக இருக்கும். அதே பெயரில் லாகின் உருவாக்குங்கள், அப்புறம் அந்தத் தரவுத்தளத்துக்குள் நின்றுகொண்டு ‘ஆல்டர் யூசர்’, பெயர், ‘வித் லாகின்’, சமக்குறி, மறுபடி அதே பெயர். ஆளுக்கு ஒரு வரி. “பெயரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா” என்றால் வேண்டாம், அவருக்குக் கொடுத்த அனுமதிகளும் சேர்ந்து அழியும்.

## அறிகுறி: யாருமே அட்மினாக உள்ளே போக முடியவில்லை

அப்கிரேட் செய்தவர் போனை எடுக்கவில்லை, எஸ்ஏ பாஸ்வர்ட் யாருக்கும் தெரியாது. இதற்கும் வழி இருக்கிறது, அந்தக் கம்பியூட்டரின் விண்டோஸ் அட்மின் கையில் இருந்தால் போதும். நகல் எடுத்துவிட்டீர்கள்தானே?

நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், சர்வீஸை நிறுத்துங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் ஸ்டார்ட்’, இடைவெளி, ‘எம்எஸ்எஸ்க்யூஎல்’, டாலர் குறி, இன்ஸ்டன்ஸ் பெயர், இடைவெளி, முன்சாய்கோடு, சின்ன ‘எம்’, ஒட்டியபடியே பெரிய எழுத்தில் ‘எஸ்க்யூஎல்சிஎம்டி’. இது ஒற்றை ஆள் நிலை. கடைசியில் சேர்த்த பெயரால் வேறு எந்த மென்பொருளும் அந்த ஒற்றை இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. இப்போது ‘எஸ்க்யூஎல்சிஎம்டி’, மைனஸ் பெரிய ‘எஸ்’, புள்ளி, பின்சாய்கோடு, இன்ஸ்டன்ஸ் பெயர், மைனஸ் பெரிய ‘ஈ’. சான்றிதழ் என்று முரண்டுபிடித்தால் மைனஸ் பெரிய ‘சி’ சேருங்கள். உள்ளே போனதும் எஸ்ஏவை எனேபிள் செய்து, புது பாஸ்வர்ட் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ‘கோ’. வெளியே வந்து சர்வீஸை நிறுத்தி, சாதாரணமாக ஸ்டார்ட் செய்யுங்கள். சர்வர் ‘விண்டோஸ் மட்டும்’ நிலையில் இருந்தால் எஸ்ஏ இன்னும் நுழையாது, அதற்கு உங்கள் விண்டோஸ் பெயரை ‘சிஸ்அட்மின்’ குழுவில் சேர்த்துவிட்டு ஸ்டேட் 58க்குப் போங்கள்.

இது உங்களுக்கு எவ்வளவு சுலபமோ, அந்த அறைக்குள் நுழையக்கூடிய யாருக்கும் அவ்வளவு சுலபம். தோட்ட ஆபீஸில் சர்வர் காப்பி கலக்கும் மேசைக்குப் பக்கத்தில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

## மைசீக்வல் வைத்திருப்பவர்களுக்கு

மைசீக்வல் வேறொரு தரவுத்தளம், பிழை எண்களும் வேறு. எண்ணைப் பாருங்கள். 2002 என்றால் சர்வர் ஓடவில்லை. உபுண்டுவில் 1698 வந்தால் ரூட்டுக்குப் பாஸ்வர்ட் வழி இல்லை, ‘சூடோ’ போட்டு நுழையுங்கள். 8.4க்கு ஏறியதும் 1524 என்றால் பழைய ‘நேட்டிவ் பாஸ்வர்ட்’ முறை அங்கே அணைந்திருக்கிறது. தற்காலிகமாக இயக்கலாம், ஆனால் 9.0இல் அது அடியோடு இல்லை, அதனால் லாகின்களைப் புதிய முறைக்கு மாற்றிவிடுங்கள். 8.0இலிருந்து 5.7க்குத் திரும்பி இறங்க வழியில்லை, பேக்கப்பிலிருந்துதான்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

எரர்லாக்கில் 823, 824 தெரிந்தால், 3417 என்று மாஸ்டரே எழவில்லை என்றால், தரவுத்தளம் சஸ்பெக்ட் என்றால், கோப்புகளின் வால் புரியாத பெயராக மாறியிருந்தால், டிஸ்க் டக் டக் என்றால். இவற்றில் ஒன்று இருந்தாலும் இயந்திரத்தை அணைத்துவிடுங்கள், இணையத்தில் பார்த்த ‘ரிப்பேர்’ கட்டளை எதையும் ஓட்டாதீர்கள், அவற்றில் சில கெட்ட பக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டு ‘சரியாயிற்று’ என்று சொல்பவை.

ஆள் ஈப்போவிலிருந்து வருவதற்குள் எடுத்து வைக்க வேண்டியவை: எரர்லாக்கின் நகல், பதிப்பு எண், இன்ஸ்டன்ஸ் பெயர், அப்கிரேட் செய்த தேதியும் செய்தவரின் போன் எண்ணும், கடைசி பேக்கப் எங்கே இருக்கிறது என்பது. பேக்கப் அதே கம்பியூட்டரின் டி டிரைவில் இருக்கிறது என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வரும்போது அவர் வேறு டிஸ்க் எடுத்துவருவார்.